சுகுணாவின் மூன்று மில்லிமீட்டர்

சுகுணா பொய் சொல்லமாட்டாள் என்று ஊரில் யாரும் அவளைப் புகழ்வதில்லை. புகழ்கிற மாதிரியா இருக்கும் அவள் பேசும் உண்மை? ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று ஒப்புக்குக் கேட்ட பெண் வீட்டாரிடம், ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று இலையில் கைவைத்தபடியே சொன்னவள் அவள். கேட்டவர் முகம் சுண்டிப் போனது. பக்கத்து இலைக்காரர்கள் அதுவரை நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் உப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அவள் கணவன் சின்னராஜ் அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளைத் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான். யாராவது கேட்டால் முந்திக்கொண்டு அவனே பதில் சொல்லிவிடுவான்.

இந்தக் குணம் அவளுக்குச் சோறு போட்ட காலமும் உண்டு. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே கால்வாய் ஓரத்து ஊரில், கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பத்தொன்பதாவது வயதில் ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. அங்கே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பதினேழு வருஷம். மைக்ரோமீட்டரைப் பிடித்து ஒரு தலைமுடியில் பாதிப் பருமனைக்கூட அளந்து சொல்வாள். சரியாக இருந்தால் சீட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘சு’ என்று எழுதுவாள். அந்த வட்டம் விழுந்த பெட்டியை வேறு யாரும் மறுபடி அளக்கமாட்டார்கள். லாரி வாசலில் நிற்க, மேனேஜர் கையைப் பிசைய, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதல் என்று, ஏற்றக் காத்திருந்த ஒரு முழு லாட்டையும் ஓரங்கட்டிய நாள்கள் அவளுக்கு உண்டு. பிறகு அந்தப் பாகம் செய்கிற லைன் மொத்தமாக வேறு மாநிலத்துக்குப் போனது. கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் வீட்டோடு வந்து, அரை ஏக்கர் தக்காளியும் இரண்டு மாடும் என்று ஆனாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சிவப்புப் பென்சிலுக்கு மட்டும் வேலையில்லாமல் போயிற்று.

அந்த நிலையில்தான் மோகனப்ரியா வந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். படித்து ஆராய்ச்சிக்குப் போன பெண். அவள் வேலை ஒரு படம் வரைவது. மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறதே, அது எந்த வயலில் எவ்வளவு என்று காட்டுகிற படம். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் நிலத்தின் சூட்டைப் பார்க்கும். வியர்க்கிற உடம்பு குளிர்கிற மாதிரி, தண்ணீர் விடுகிற வயல் குளிர்ந்திருக்கும். காய்ந்த வயல் கொதிக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, நிறைய விடுகிற வயலுக்கு நீலம், விடாத வயலுக்குச் சிவப்பு என்று அணைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் எட்டு நாளைக்கு ஒரு படம். இந்த இடத்துக்கு இத்தனை தண்ணீர் செலவு என்று தெரிந்தால், கால்வாயில் விடுவதை அதற்குத் தக்கபடி பிரிக்கலாம் என்பது யோசனை.

ஆனால் மேலிருந்து பார்ப்பது சரிதானா என்று கீழே ஒருவர் அளந்து சொல்லவேண்டும். அதற்கு ஒரு பெரிய வெள்ளைத் தட்டு. குறுக்கே நாலு அடி, ஆழம் முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட. மரச்சட்டத்தின் மேல் உட்காரும். காக்காய் குடிக்காமல் இருக்க மேலே கம்பிவலை. உள்ளே ஓர் ஊசி நிமிர்ந்து நிற்கும். தினமும் காலை எட்டரைக்குத் தண்ணீர் ஊசி முனையைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவையும் அளவுக் குவளையால் ஊற்றி முனைவரை கொண்டுவர வேண்டும். ஊற்றியது எவ்வளவோ அதுதான் நேற்று வெயில் குடித்தது. வேலை இவ்வளவுதான். பழைய கம்பெனியில் யாரோ சுகுணா பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி முனை, மில்லிமீட்டர் என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டதுமே அவள் சரி என்றாள். சம்பளம் எவ்வளவு என்று சின்னராஜ்தான் பிறகு கேட்டான்.

தட்டை வைக்க மரநிழல் விழாத இடம் வேண்டும். சுகுணாவின் தக்காளியைச் சுற்றிப் புங்கமரம். அதனால் நாலு வயல் தள்ளி, ராமப்பன் முட்டைக்கோஸ் போட்டிருந்த தோட்டத்தின் நடுவே புல்தரையில் வைத்து வேலி கட்டினார்கள். ராமப்பன் மனைவி சாந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சுகுணாவிடம் தமிழ். வேலிக்குப் பக்கத்திலேயே அவள் வீடு. மார்ச் முதல் தேதியிலிருந்து தினமும் எட்டரைக்குச் சுகுணா அளந்து முடிப்பதும், சாந்தம்மா காபி டம்ளரோடு வேலிக்கு வருவதும் வழக்கமானது. இன்றைக்கு எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பாள். சுகுணா சொல்வாள். அதிகம் என்றால் சாந்தம்மா உச்சுக்கொட்டுவாள். குறைவு என்றால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தன் வேலையில் இவ்வளவு அக்கறை காட்ட ஓர் ஆள் கிடைத்தது சுகுணாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனியில் பதினேழு வருஷத்தில் ஒருத்தர்கூட அவளிடம் இன்றைக்கு என்ன அளவு வந்தது என்று ஆசையாகக் கேட்டதில்லை.

எட்டு வாரம் இப்படிப் போனது. அந்த வருஷம் கோடை மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மோகனப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மடிக்கணினியைச் சுகுணா வீட்டுக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். படத்தில் ராமப்பன் தோட்டம் நல்ல நீலமாக இருந்தது. இந்த முட்டைக்கோஸ் வயல் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் விடுகிறது என்று படம் சொல்கிறது. பக்கத்திலேயே திறந்து கிடக்கிற தட்டோ எட்டு நாள் சராசரியில் நாலுகூட இழக்கவில்லை. வெறும் தண்ணீரைவிடச் செடி அதிகமாக ஆவிவிடாதே என்றாள். அணையின் அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு தட்டு ஆறுக்கு மேல் காட்டுகிறதாம்.

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “தப்பா எடுத்துக்கிடாதீங்க சுகுணாக்கா. டெய்லி எட்டரைக்கு நீங்களேதான போறீங்க?”

கேட்டது மெதுவாகத்தான். ஆனால் சுகுணாவுக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. தினமும் போவதில்லை, வீட்டில் உட்கார்ந்தே ஏதோ ஒரு எண்ணை எழுதுகிறாய் என்பதைத்தான் அந்தப் பெண் மரியாதையாகக் கேட்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பத்து நாளில் காரணம் தெரியாவிட்டால் இந்த இரண்டு மாதத்து அளவு முழுவதையும் எடுத்துவிட்டு, தட்டை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மேலே இருப்பவர்கள் எழுதியிருக்கிறார்களாம். நான்தான் போகிறேன் மேடம் என்று மட்டும் சொல்லிச் சுகுணா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சின்னராஜ் ஜூஜுவாடியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும், போனால் போகட்டும், அந்தத் தட்டை நம்பியா இருக்கிறோம் என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். சுகுணாவுக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. தட்டு போவதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. சுகுணா எழுதிய எண் பொய் என்று எங்கேயோ ஒரு காகிதத்தில் நிற்குமே, அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

முதலில் தட்டைச் சோதித்தாள். விரிசல் இல்லை; ஒழுகினால் அளவு கூடுமே தவிரக் குறையாது. குவளை சரி. ஊசி ஆடவில்லை. பிறகு நோட்டை எடுத்து, கம்பெனியில் செய்கிற மாதிரி ஒரு கட்டம் போட்ட தாளில் நாளுக்கு ஒரு புள்ளி வைத்தாள். அங்கே சுவரில் இப்படிச் சார்ட் தொங்கும். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஐம்பத்தைந்து புள்ளி வைத்து முடித்துத் தள்ளிவைத்துப் பார்த்தாள். நடுவில் வெற்றிடம். கீழே மூன்று, மூன்றரையை ஒட்டி ஒரு கூட்டம். மேலே ஆறு, ஆறரையில் எட்டே எட்டுப் புள்ளி.

வெயில் இப்படிச் செய்யாது. இரண்டு கூட்டமாகப் புள்ளி விழுந்தால் வேலை செய்வது இரண்டு கை என்பது கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். யாரோ தட்டைத் தொடுகிறார்கள்.

மேலே இருந்த எட்டுப் புள்ளிகளும் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை யார் என்ன செய்கிறார்கள் என்று அவள் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். அன்று கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சுகிற முறைகூட யாருக்கும் இல்லை. மறுநாள் பால் கறக்கும்போதுதான் தன் அறியாமை உறைத்து, செம்பைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். செவ்வாய் காலையில் அளப்பது திங்கட்கிழமை வெயிலை அல்லவா? ஆக, திங்கட்கிழமை மட்டும் யாரும் தொடவில்லை. மற்ற ஆறு நாளும் தொடுகிறார்கள். திங்கட்கிழமை பகலில் ஊரில் இல்லாமல் ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிற ஆள் யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு முட்டைக்கோஸ் வரப்பு ஓரமாகப் போய் நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சாந்தம்மா வீட்டிலிருந்து இடுப்பில் சின்ன எவர்சில்வர் குடத்தோடு வந்தாள். வேலிக்கதவைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பிவலை வழியாகக் குடத்துத் தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். குனிந்து ஊசியைப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். கதவை நன்றாகச் சாத்திவிட்டுத் திரும்பியபோது சுகுணா எதிரில் நின்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட எந்தப் பதற்றமும் அவளிடம் இல்லை. சிரித்தாள். “வந்துட்டியா? நீ எதுக்கு வெயில்ல வர்ற கண்ணு. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

மெதுவாக விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. தண்ணீரை ஊசி முனைக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதுதான் சுகுணாவுக்குக் கொடுத்த வேலை என்று சாந்தம்மா முதல் நாளே முடிவுகட்டிவிட்டாள். தினம் காலையில் வந்து ஊசி வரைக்கும் ஊற்றுகிறாளே, வேறென்னவாக இருக்கும்? ஊற்றிவிட்டு எவ்வளவு குறைந்தது என்று நோட்டில் வேறு எழுதவேண்டியிருக்கிறது. மேடம் வந்து பார்த்து ஏன் இவ்வளவு குறையவிட்டாய் என்று திட்டினால் என்ன ஆவது? அதனால் இரண்டாம் நாளிலிருந்தே, மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு குடம். இதைப் போய்ச் சுகுணாவிடம் சொல்லிக் காட்டுவானேன் என்று சொல்லவும் இல்லை. காலையில் அளவு குறைவாக வந்தால் அவள் முகம் மலர்ந்தது இதனால்தான்.

சுகுணாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தனக்காக எட்டு வாரம் கொதிக்கிற வெயிலில் ஒருத்தி குடம் சுமந்திருக்கிறாள். பெற்றவள்கூட இப்படிச் செய்ததில்லை என்றுதான் தோன்றியது. வரப்பில் உட்கார்ந்து, வேலை என்ன என்பதைச் சாந்தம்மாவுக்கு முதல்முறையாக ஒழுங்காகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. குடத்தைக் கீழே வைத்தாள். ராமப்பனுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாரே என்றாள். அதிகாரிகள் கேஸ் போடுவார்களா என்றும் கேட்டாள். சுகுணா ஒன்றும் ஆகாது என்று தேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்தவளுக்கு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உண்மை அவள் வாயில் சிக்கிக்கொண்டது. சொன்னால் தன் எண்கள் நிற்கும். ஆனால் கெடுத்தவள் சாந்தம்மா என்று அதே காகிதத்தில் எழுதுவார்கள். சொல்லாவிட்டால் இனிமேல் தட்டு தானாக ஆறு காட்டும். சாந்தம்மா தப்பித்துவிடுவாள். இரண்டு மாதத்துக்குப் பொய் எழுதினவளாகச் சுகுணா நிற்பாள். ரசத்து உப்பை யோசிக்காமல் சொன்னவள், இதை யோசித்து யோசித்துக் குழம்பை அடிபிடிக்கவிட்டாள். சின்னராஜ் அதையே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

விடிந்ததும் எட்டரைக்குப் போனாள். அளந்தாள். காபி டம்ளரோடு சாந்தம்மா வந்தாள், கண் வீங்கியிருந்தது. அவளும் தூங்கவில்லை போல. மேடம் கேட்டால் நாய் குடித்தது, வலை சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் அக்கா என்று சுகுணா தொடங்கினாள். வார்த்தை அவளுக்கே அந்நியமாக இருந்தது. தவிர, நாய் குடித்தால் அளவு கூடும். பொய்யிலும் அவளுக்குப் பழக்கம் போதாது.

சாந்தம்மா டம்ளரை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தாள். “ஊத்துனது நானு. எம் பேரையே சொல்லு. திருடியா ஊத்துனேன்? ஒனக்குனுதான ஊத்துனேன். நீ பொய் சொல்லி நான் தப்பிச்சா, நாளைக்கு ஒனக்குக் காபி குடுக்க எனக்குக் கை வருமா?”

சுகுணா அங்கேயே நின்று மோகனப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. மோகனப்ரியா கேட்டதும் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் சுகுணா காட்டிய தாளைப் பார்த்தாள். எட்டுத் திங்கட்கிழமைப் புள்ளிகளையும் கணினியில் தட்டிப் பார்த்தாள். படத்துக்கு அவை சரியாகப் பொருந்தின. இந்த எட்டு நாளாவது தேறும், மீதி நாற்பத்தேழையும் விட்டுவிட வேண்டியதுதான் என்று பெருமூச்சு விட்டாள். சுகுணா ஒத்துக்கொள்ளவில்லை. கீழே இருக்கும் கூட்டத்தைப் பாருங்கள் மேடம், அதுவும் சிதறாமல்தானே நிற்கிறது என்றாள். ஊற்றின கை ஒரே அளவாக ஊற்றியிருந்தால் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாமே. சாந்தம்மா பக்கம் திரும்பி, குடத்தில் எவ்வளவு எடுப்பாய் அக்கா என்று கேட்டாள்.

சாந்தம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. எவ்வளவு என்றால்? குடம் எடுத்தால் குடம்தான். குறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவதா? அவள் மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. விளிம்புக்கு ஒரு விரல்கடை விட்டு நிறைத்துத்தான் எடுப்பாள்; அதற்கு மேல் போனால் புடவை நனையும்.

குடத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். தொட்டியிலிருந்து எப்போதும்போல மொண்டு வந்தாள். சுகுணா ஒரு சொட்டுச் சிந்தாமல் அளவுக் குவளையில் ஊற்றி அளந்தாள். மூன்றரை லிட்டர். மறுபடி மொள்ளச் சொன்னாள். மூன்றரைக்கு ஒரு மூடித் தண்ணீர் குறைவு. மூன்றாவது முறை, மூன்றரை. ராமப்பன் வீட்டுக்குள்ளிருந்து வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றவர், சிரிக்கத்தான் வந்தார். மூன்றாவது அளவைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தத் தட்டின் பரப்புக்கு மூன்றரை லிட்டர் என்றால் மூன்று மில்லிமீட்டர். நாற்பத்தேழு நாளுக்கும் மூன்றைக் கூட்டியதும், கீழே கிடந்த கூட்டம் முழுவதும் எழுந்து போய்த் திங்கட்கிழமைகளோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. நடுவில் வெற்றிடமே இல்லை.

“எங்க மெஷின்லகூட இவ்வளவு ஒழுங்கா வராதுக்கா” என்றாள் மோகனப்ரியா. அதைச் சுகுணாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சாந்தம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சுகுணா பக்கம் திரும்பி, அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றாள். கேட்கத்தான் வேண்டும் மேடம், நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன் என்று சுகுணா சொன்னாள். ஒப்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

எண்களை மேலே இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தட்டும் அதே இடத்தில் இருந்துவிட்டது. அறிக்கையில் கூட்டிய அளவைக் காட்டும் கட்டத்துக்குத் தலைப்பு என்ன போடுவது என்று மோகனப்ரியா கேட்டபோது சுகுணா யோசிக்கவே இல்லை. ‘சாந்தம்மா குடம், மூன்று மில்லிமீட்டர்’ என்று சொல்லிவிட்டாள். கணினியில் அப்படியே ஏறியது.

இப்போதும் சாந்தம்மாவால் மதிய நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்கமுடிவதில்லை. காலையில் காபி கொண்டுவரும்போது குறைபட்டுக்கொள்வாள். “கண்ணு முன்னால காயுது. ஒரு சொம்பு ஊத்தாம சும்மா பாத்துனு இருக்கச் சொல்றியே, இது என்ன வேலைடி?”

“வேலையே அதான்க்கா” என்பாள் சுகுணா.

குடத்தை அளந்த அன்று, எல்லோரும் போனபிறகு, அவள் வீட்டுக்கு வந்து மரப்பெட்டியின் அடியிலிருந்து சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தாள். முனை மழுங்கியிருந்தது, அரிவாள்மனையில் சீவினாள். நோட்டில், மூன்று முறை அளந்த மூன்று எண்களுக்கும் எதிரே, நாலு வருஷத்துக்குப் பிறகு, ஒரு வட்டம் போட்டு உள்ளே ‘சு’ என்று எழுதினாள். இனி அந்தக் குடத்தை யாரும் மறுபடி அளக்கவேண்டியதில்லை.